காரின் ஹெட்லைட் விட்டு விட்டு எரிகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பதில்கள் 12 வோல்ட் பேட்டரியும் எச்4 ஹாலஜன் பல்பும் (டிம், பிரைட் இரண்டு இழைகளும் ஒரே பல்பில் இருக்கும் வகை) உள்ள சிறிய, நடுத்தரக் கார்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எச்.ஐ.டி. (இழை இல்லாமல் வாயுவில் மின்பொறி எரியும் விளக்கு), எல்.இ.டி. விளக்குகளுக்குத் தனிக் கேள்விகள் பின்னால் வருகின்றன. கையில் வேண்டியவை அதிகமில்லை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 10ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு துண்டு உப்புத்தாள், இரு முனையிலும் குரோக்கடைல் கிளிப் மாட்டிய 2 மீட்டர் ஒயர் (2.5 சதுர மி.மீ.).

ஹெட்லைட் மினுக்குகிறது. எதில் கைவைத்துத் தொடங்குவது?

எதையும் கழற்றாதீர்கள். முதலில் அது எப்படி மினுக்குகிறது என்று பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். இருட்டிய பிறகு காரை ஒரு சுவருக்கு எதிரே மூன்று மீட்டர் தள்ளி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பி ஹெட்லைட்டைப் போட்டு, சுவரில் விழும் ஒளியை இரண்டு நிமிடம் கவனியுங்கள். இப்போதே மினுக்கினால் ஒயரிங், எர்த் (மின்சாரம் காரின் பாடி வழியே பேட்டரி நெகடிவுக்குத் திரும்பும் இணைப்பு), ஹோல்டர், சுவிட்ச், ரிலே (சிறு கரண்ட்டைக் கொண்டு பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் மின் சுவிட்ச்) ஆகியவற்றில் ஏதோ ஒன்று. ஒளி அசையாமல் நின்று, ஸ்டார்ட் செய்த பிறகுதான் மினுக்குகிறது என்றால் டைனமோ (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர்) பக்கம் பார்க்க வேண்டும். இன்ஜின் அதிர்வில் ஆடும் லூஸ் கான்டாக்ட்டும் இதே மாதிரி காட்டும் என்பதால், மீட்டர் வைத்துப் பார்க்காமல் டைனமோவைக் கழற்றக் கூடாது.

அடுத்து, ஒரு விளக்கா, இரண்டுமா? ஒன்று மட்டும் என்றால் கோளாறு அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: பல்பு, ஹோல்டர், அந்தப் பக்கத்து எர்த், அந்தப் பக்கத்து பியூஸ். இரண்டும் ஒரே நேரத்தில் மங்கி ஒரே நேரத்தில் தெளிந்தால், இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில் இருக்கிறது. அப்போது உள்ளே கூரை விளக்கையும் போட்டுப் பாருங்கள். அதுவும் சேர்ந்து மினுக்கினால் வண்டி முழுவதற்கும் போகிற மின்சாரமே ஆடுகிறது: பேட்டரி டெர்மினல், மெயின் எர்த், டைனமோ. கூரை விளக்கு நிதானமாக எரிய ஹெட்லைட் மட்டும் மினுக்கினால் ஹெட்லைட் ரிலேயும், டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் சுவிட்சும்தான் முதல் சந்தேகம்.

ஒரு பக்கம் மட்டும் மினுக்குகிறது. பல்பு போய்விட்டதா?

இருக்கலாம், ஆனால் புதிய பல்பு வாங்குமுன் இடது பல்பை வலதிலும் வலது பல்பை இடதிலும் மாற்றிப் போடுங்கள். மினுக்கல் பல்போடு சேர்ந்து பக்கம் மாறினால் பல்பு. பழைய இடத்திலேயே நின்றால் பல்பில் குற்றமில்லை.

ஹாலஜன் பல்பு அணையுமுன் சில நாட்கள் மினுக்குவது உண்டு. இழை ஓரிடத்தில் அறுந்து, அறுந்த முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும். சாலையில் ஒரு குழி வந்தால் விலகும், அடுத்த குழியில் ஒட்டும். பல்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்லத் தட்டினால் இழை ஆடுவது தெரியும்.

பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை ஒட்டிய இடம் மற்ற இடங்களைவிட அதிகமாகச் சூடேறி, பல்பு சீக்கிரம் போய்விடும். தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இன்னொன்று: ஆறியிருக்கும் 55 வாட் இழையை மீட்டரில் ஓம் அளவில் பார்த்தால் அரை ஓமுக்கும் கீழே காட்டும். அதை ஷார்ட் என்று நினைக்க வேண்டாம். எரியும்போது அதே இழை சுமார் 2.6 ஓம் ஆகிவிடும். ஆறிய இழையின் ரெசிஸ்டன்ஸ் அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

பல்பு புதிது, பியூஸ் நன்றாக இருக்கிறது, ஒயரில் மீட்டர் வைத்தால் பீப் அடிக்கிறது. பிறகும் ஏன் மினுக்குகிறது?

இந்தக் கேள்விதான் மிகவும் முக்கியம். பீப் சத்தத்தை நம்பித்தான் பலர் நாட்கணக்கில் தவறான இடத்தில் தேடுகிறார்கள். மீட்டரின் பீப் சோதனை ஒயர் வழியே மிகச் சிறிய கரண்ட்டைத்தான் அனுப்புகிறது. முப்பது இழை கொண்ட ஒயரில் இருபத்தொன்பது அறுந்து ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் பீப் அடிக்கும். ஹெட்லைட்டுக்கோ ஒரு பல்புக்கு 4.6 ஆம்பியர் வேண்டும். அந்த ஒற்றை இழையால் அதைத் தாங்க முடியாது.

ஒரு கணக்கைப் பாருங்கள். துருப்பிடித்த ஓர் எர்த் போல்ட்டில் அரை ஓம் ரெசிஸ்டன்ஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பல்பு எரியும்போது அந்த இடத்தில் மட்டும் 2 வோல்ட் அளவுக்கு விழுந்துவிடும், 8 வாட்டுக்குப் பக்கமாக வெப்பம் எழும். வெப்பத்தில் உலோகம் விரியும், துரு கூடும், பிடிப்பு இன்னும் தளரும். நேற்று குழியில் மட்டும் மினுக்கியது இன்று நேர்ச்சாலையிலும் மினுக்குவது இப்படித்தான். வெளிச்ச இழப்பும் வோல்டேஜ் இழப்பைவிட வேகமாகப் போகும்: 13.2 வோல்ட்டில் எரிய வேண்டிய ஹாலஜன் 12 வோல்ட்டில் கால் பங்குக்கு மேல் ஒளியை இழக்கிறது. 11 வோல்ட்டில் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும்.

ஆகவே விளக்கு எரியும்போதே அளக்க வேண்டும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வையுங்கள். பல்பு ஹோல்டரில் மாட்டியே இருக்கட்டும். ஹோல்டரின் பின்புறத்திலிருந்து மெல்லிய ஊசியை ஒயர் ஓரமாகச் செருகி டெர்மினலைத் தொடுங்கள்.

எர்த் பக்கத்துக்கு: சிவப்பு முனை பல்பின் எர்த் டெர்மினலில், கறுப்பு முனை பேட்டரியின் நெகடிவ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல, ஈயக் கம்பத்திலேயே). 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பழுது.

பாசிடிவ் பக்கத்துக்கு: சிவப்பு முனை பேட்டரியின் பாசிடிவ் கம்பத்தில், கறுப்பு முனை பல்பின் டிம் டெர்மினலில். 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம். 1 வோல்ட்டுக்கு மேல் போனால் பியூஸ் பிடி, ரிலே, சுவிட்ச், கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பி) என்று ஒவ்வோர் இடமாக மீட்டரை நகர்த்துங்கள். வோல்டேஜ் எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே விழுகிறதோ, கோளாறு அங்கே.

அளக்கும்போதே ஒருவர் ஒயரை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கட்டும். எண் துள்ளுகிற இடத்தில் கையை நிறுத்துங்கள்.

எர்த் எங்கே இருக்கும்? எப்படிச் சரிசெய்வது?

ஹெட்லைட்டிலிருந்து வரும் கறுப்பு ஒயரைத் தொடர்ந்து போனால், பெரும்பாலும் ரேடியேட்டர் தாங்கும் குறுக்குத் தகட்டிலோ, மட்கார்டின் உட்புறத்திலோ, பேட்டரி தட்டுக்கு அருகிலோ 10ஆம் நம்பர் தலை கொண்ட ஒரு போல்ட்டில் முடியும். நிறம் காருக்குக் கார் மாறும். கறுப்பு என்பதை மட்டும் நம்பாமல் ஒயரைக் கையால் தொடர்ந்து போங்கள்.

எர்த் கெட்டதற்கு மினுக்கலைத் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. இண்டிகேட்டர் போட்டால் அதே பக்கத்து ஹெட்லைட் அதன் தாளத்துக்கு மங்குவது ஒன்று. ஒரு பக்கம் டிம், பிரைட் இரண்டு இழைகளும் சேர்ந்து மங்கலாகச் சிவந்து எரிவது இன்னொன்று. தன் எர்த்தை இழந்த கரண்ட் ஓர் இழை வழியே புகுந்து மற்ற இழை வழியாகவும், அடுத்த பல்பு வழியாகவும் எர்த்தைத் தேடிப் போகிறது. அதனால்தான் அந்த வினோத வெளிச்சம்.

உறுதிசெய்ய எளிய வழி: கிளிப் ஒயரின் ஒரு முனையை பேட்டரி நெகடிவிலும் மறு முனையை ஹெட்லைட்டின் எர்த் டெர்மினலிலும் மாட்டுங்கள். மினுக்கல் நின்றால் எர்த்தான். (சில கார்களில் இந்த டெர்மினல் எர்த்தாக இருக்காது. டிப்பர் பற்றிய கேள்வியை முதலில் படித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.)

சரிசெய்ய, முதலில் பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள். போல்ட்டை எடுத்து, அதன் கீழுள்ள தகடு, ஒயர் லக்கின் (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) இரு முகங்கள், போல்ட் தலையின் அடிப்பகுதி எல்லாவற்றையும் வெள்ளி போல மின்னும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். பல் வைத்த ஸ்டார் வாஷர் ஒன்றைச் சேர்த்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகுதான் மேலே வேசலினோ கிரீஸோ பூச வேண்டும். லக்கில் ஒயர் செருகிய இடம் பச்சை பூத்திருந்தால் தேய்த்துப் பயனில்லை. அந்த அளவுக்கு வெட்டிவிட்டுப் புது லக் போடுங்கள்.

டிங்கரிங், பெயின்ட் வேலை முடிந்து வந்த கார்களில் இதை முதலிலேயே பாருங்கள். பெயின்ட் அடித்த தகட்டின் மேல் எர்த் போல்ட்டை அப்படியே முடுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. போல்ட்டின் மரை மட்டும் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சில மாதத்தில் அங்கேயும் துரு ஏறிவிடும்.

ஹோல்டர் பழுப்பாகி உருகியிருக்கிறது. டேப் சுற்றி ஓட்டலாமா?

கூடாது. ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளை இடுக்கி ஒருமுறை சூட்டில் தளர்ந்துவிட்டால் மறுபடி பிடிக்காது. நோஸ்பிளையரால் நெருக்கினாலும் சில வாரம்தான் தாங்கும். செராமிக் ஹோல்டர் வாங்கிப் போடுங்கள். பழைய ஒயரில் கருகி விறைத்த பகுதியை முழுவதும் வெட்டி, செம்பு பளிச்சென்று தெரியும் இடத்தில் புது ஒயரை இணையுங்கள்.

உருகியதற்குக் காரணத்தையும் பார்த்தாக வேண்டும். 60/55 வாட்டுக்கு அமைந்த இடத்தில் 100/90 வாட் பல்பு போட்டிருந்தால் கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல் போகும், இணைப்புகளில் எழும் வெப்பமோ இரண்டரை மடங்குக்கும் மேல். ஒயர், சுவிட்ச், ரிஃப்ளெக்டர் மூன்றும் சேர்ந்து கெடும். ஹோல்டரை மட்டும் மாற்றிவிட்டு அதே பல்பைத் திரும்ப மாட்டினால் இந்த வேலையை மறுபடி செய்ய வேண்டிவரும்.

ஐடிலில் நிற்கும்போது இரண்டும் துடிக்கின்றன. ஆக்சிலரேட்டர் மிதித்தால் சரியாகிவிடுகிறது. டைனமோவா?

பெரும்பாலும் சார்ஜிங் பக்கம்தான். ஆனால் டைனமோ என்று சொல்லிவிடுமுன் பெல்ட்டைப் பாருங்கள். இரண்டு புல்லிகளுக்கு நடுவே நீளமாகப் போகும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினால் ஏறக்குறைய 10 மி.மீ. உள்ளே போக வேண்டும். சரியான அளவு காருக்கான கையேட்டில் இருக்கும். தானாக இறுக்கும் டென்ஷனர் உள்ள கார்களில் இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே பெல்ட்டின் வெடிப்பையும் கண்ணாடி போன்ற மினுமினுப்பையும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று கத்தினால் பெல்ட் வழுக்குகிறது.

பிறகு மீட்டர். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் கழித்து பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதிதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஹெட்லைட், ஏ.சி. புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டு இன்ஜினை 1500–2000 ஆர்.பி.எம்.மில் வைத்தாலும் 13.2க்குக் கீழே இறங்கினால் சார்ஜிங்கில் குறை. 15ஐத் தாண்டினால், டைனமோ வோல்டேஜை அளவாக வைக்கும் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. பல்புகள் அடுத்தடுத்துப் போவதும் பேட்டரி கொதிப்பதும் இதனால்தான். சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய இன்ஜினில் 13.5 காட்டுவது பழுதல்ல. சூடு ஏற ஏற வோல்டேஜைக் குறைக்கும்படிதான் ரெகுலேட்டர் செய்யப்பட்டிருக்கிறது.

டைனமோவுக்குள் ஏ.சி.யை (மாறுதிசை மின்சாரத்தை) டி.சி.யாக மாற்றும் டையோடுகளில் ஒன்று போய்விட்டால் டி.சி. அளவு கிட்டத்தட்டச் சரியாகவே காட்டும், ஆனால் விளக்கு வேகமாகத் துடிக்கும். அதைப் பிடிக்க மீட்டரை ஏ.சி. அளவுக்கு மாற்றி, ஹெட்லைட் எரிய, இன்ஜின் ஓட, பேட்டரி கம்பங்களில் வையுங்கள். நல்ல டைனமோவில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும். அரை வோல்ட்டுக்கு மேல் என்றால் டையோடு. ஓர் எச்சரிக்கை: விலை குறைந்த மீட்டர்கள் ஏ.சி. அளவில் டி.சி.யையும் சேர்த்துப் படிக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு பேட்டரியில் அதே ஏ.சி. அளவில் வைத்துப் பாருங்கள். அப்போதும் 20, 25 என்று காட்டினால் அந்த மீட்டர் இந்தச் சோதனைக்கு ஆகாது.

கார்பன் பிரஷ் தேய்ந்தால் சார்ஜ் திடீர் திடீரென்று நின்று வரும். டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக மின்னும். பிரஷ், ரெகுலேட்டர், டையோடு தட்டு மூன்றும் பல டைனமோக்களுக்குத் தனியாகவே கிடைக்கின்றன. முழு டைனமோவையும் மாற்றச் சொன்னால், எது போயிருக்கிறது என்று கேளுங்கள்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கலாமா?

வேண்டவே வேண்டாம். இந்தப் பழக்கம் பழைய கார்களின் காலத்திலிருந்து வருகிறது. டைனமோ ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் ஒரு கணத்தில் வோல்டேஜ் பல மடங்கு எகிறும். இன்ஜின் கன்ட்ரோல் யூனிட், மியூசிக் சிஸ்டம், டைனமோவின் டையோடு எது வேண்டுமானாலும் போய்விடும். யாராவது அப்படிச் சோதிக்கக் கைவைத்தால் தடுத்துவிடுங்கள்.

ஏ.சி. போட்டாலோ பவர் விண்டோ அழுத்தினாலோ ஒருமுறை மங்கித் தெளிகிறது.

இது இயல்பு. கம்ப்ரெசர் பிடிக்கும் கணத்தில் வோல்டேஜ் சற்று இறங்கி அரை நொடியில் மீளும். மங்கல் மீளாமல் அப்படியே நின்றாலோ, ஒவ்வொரு முறையும் கண்ணில் உறுத்தும் அளவுக்கு ஆழமாக இருந்தாலோ பேட்டரியையும் டெர்மினலையும் பாருங்கள். புதிய கார்கள் சிலவற்றில் எரிபொருள் மிச்சத்துக்காக டைனமோ வோல்டேஜைக் கணினியே 12.8க்கும் 14.8க்கும் இடையே ஏற்றி இறக்கும். அங்கே ஒளியில் மெல்லிய படி மாற்றம் தெரிந்தால் பழுது என்று எண்ண வேண்டாம்.

பேட்டரி டெர்மினலில் வெள்ளையாகவும் பச்சையாகவும் பூத்திருக்கிறது.

நெகடிவை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிடிவ். மாட்டும்போது பாசிடிவ் முதலில், நெகடிவ் கடைசியில். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றினால் பொங்கி அடங்கும். பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்து நல்ல தண்ணீர் விட்டுத் துடையுங்கள். பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் இந்தத் தண்ணீர் போகக் கூடாது. கம்பத்தையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, நன்கு காய்ந்த பிறகு இறுக்கி, மேலே வேசலின் தடவுங்கள்.

கையால் திருகினால் கிளாம்ப் அசையவே கூடாது. இறுக்கியும் அசைந்தால் கிளாம்ப் விரிந்துவிட்டது. அலுமினியத் தாள் செருகிச் சமாளிக்காமல் கிளாம்பை மாற்றுங்கள். பேட்டரியிலிருந்து பாடிக்கும், இன்ஜினிலிருந்து பாடிக்கும் போகும் தடித்த எர்த் ஒயர்களின் மறுமுனைகளையும் அப்படியே சுத்தம் செய்யுங்கள். டெர்மினலை மட்டும் பளபளவென்று ஆக்கிவிட்டு மறுமுனையை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

டிம்மில் மட்டும் மினுக்குகிறது, பிரைட்டில் சரியாக இருக்கிறது. டிப்பர் சுவிட்சா?

இரண்டு பக்கமும் சேர்ந்து மினுக்கினால் அநேகமாக அதுதான், அல்லது டிம் ரிலே. ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள காம்பினேஷன் சுவிட்சின் கம்பை மேலும் கீழும் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தும் போக்கில் ஒளி வந்து போனால் உள்ளே கான்டாக்ட் தேய்ந்துவிட்டது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில காலம் ஓடும். பிளாஸ்டிக் கருகியிருந்தால் சுவிட்சை மாற்றியாக வேண்டும்.

ரிலேயைச் சோதிக்க, பியூஸ் பெட்டியில் அதே எண் கொண்ட ஹார்ன் ரிலே போன்ற ஒன்றை இடம் மாற்றிச் செருகுங்கள். மினுக்கல் நின்றால் ரிலே. மாற்றாமல் விரலை ரிலேயின் மேல் வைத்தாலும் ஓரளவு தெரியும்: விளக்கு மினுக்கும்போது ரிலே கடகடவென்று துடித்தால் அதற்கு வரும் கட்டளை ஆடுகிறது, அதாவது சுவிட்ச் பக்கம். ரிலே அமைதியாக இருந்தும் விளக்கு மினுக்கினால் ரிலேயின் உட்கான்டாக்ட் அல்லது அதற்கு அப்பால். பியூஸ் பெட்டியில் ரிலே உட்காரும் இடுக்கிகள் கருகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஜப்பானிய வடிவமைப்பு கொண்ட சில கார்களில் சுவிட்ச் பாசிடிவை அல்ல, நெகடிவைத்தான் திறந்து மூடுகிறது. பல்பின் பொது டெர்மினலுக்கு பாசிடிவ் வந்துகொண்டே இருக்கும். டிம், பிரைட் ஒயர்கள் டிப்பர் வழியே எர்த்துக்குப் போகும். பொது டெர்மினலில் மீட்டர் 12 வோல்ட் காட்டினால் உங்கள் கார் அந்த வகை. அங்கே பொது டெர்மினலை எர்த் என்று நினைத்து கிளிப் ஒயரை மாட்டினால் பியூஸ் போகும். மேலே சொன்ன எர்த் அளவுகளையும் டிம் டெர்மினலில்தான் எடுக்க வேண்டும்.

எல்.இ.டி. பல்பு மாற்றிய நாளிலிருந்து மினுக்குகிறது. ஹாலஜன் போட்டால் சரியாகிவிடுகிறது.

புதிய கார்கள் பலவற்றில் பாடி கன்ட்ரோல் மாட்யூல் (விளக்குகளைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி), பல்புக்கு நேரான 12 வோல்ட்டைத் தராமல் நொடிக்குப் பல முறை வெட்டி வெட்டித் தருகிறது. பல்பு உயிரோடிருக்கிறதா என்று பார்க்கச் சிறு துடிப்புகளையும் அனுப்பும். ஹாலஜன் இழை சூடாக இருப்பதால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி.க்கு அப்படி வெப்பத் தேக்கம் இல்லை. ஒவ்வொரு வெட்டும் மினுக்கலாகத் தெரியும். அது இழுக்கும் வாட்டும் குறைவு என்பதால் பல்பு போய்விட்டதாக நினைத்துக் கணினி மின்சாரத்தை நிறுத்தவும் செய்யும். கேன்பஸ் டிகோடர் என்று விற்கப்படும் சிறு பெட்டி, உள்ளே கப்பாசிட்டர் வைத்து இந்த இடைவெளிகளை நிரப்புகிறது. பல கார்களில் மினுக்கல் அதோடு நிற்கும். ரெசிஸ்டர் உள்ளவை கடுமையாகச் சூடேறும். அவற்றை பிளாஸ்டிக்கிலோ ஒயர் கட்டிலோ ஒட்டாமல் தகட்டில் திருகுங்கள்.

எங்கள் கருத்து: ஹாலஜனுக்காகச் செய்த ரிஃப்ளெக்டரில் எல்.இ.டி. பல்பு போடாதீர்கள். இழை இருந்த அதே புள்ளியில் ஒளி பிறப்பதில்லை, கற்றை சிதறி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது. இருவழிச் சாலையில் அதன் விலையை எதிரே வருபவர் கொடுக்கிறார். தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது. வெளிச்சம் போதவில்லை என்றால் அடுத்த கேள்வியில் உள்ள வழியே மேல்.

ரிலே கிட் போட்டால் மினுக்கல் நிற்குமா?

ரிலே கிட் என்பது பேட்டரியிலிருந்தே புது ஒயரில் பல்புக்கு மின்சாரம் தந்து, பழைய ஒயரைக் கட்டளைக்கு மட்டும் பயன்படுத்தும் அமைப்பு. கோளாறு பழைய மெல்லிய ஒயரிலோ சுவிட்சிலோ இருந்தால் நிற்கும், வெளிச்சமும் கூடும். டைனமோவிலோ பேட்டரி டெர்மினலிலோ இருந்தால் ஒரு பயனும் இல்லை. நல்ல கிட் என்றால் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு 12 வோல்ட் 40 ஆம்பியர் ரிலே, 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், செராமிக் ஹோல்டர், ஒவ்வொரு ரிலேக்கும் 15 ஆம்பியர் பியூஸ். பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதைவிடத் தள்ளி இருந்து, பேட்டரிக்கும் பியூஸுக்கும் நடுவே ஒயர் எங்காவது உரசி ஷார்ட் ஆனால் அந்தப் பகுதியைக் காப்பாற்ற ஒன்றும் இல்லை.

ரிலேயில் 30 என்பது பியூஸ் வழியே பேட்டரி, 87 பல்புக்கு, 86 பழைய ஹோல்டரிலிருந்து வரும் டிம் அல்லது பிரைட் கட்டளை, 85 எர்த். நெகடிவ் சுவிட்ச் உள்ள கார்களில் 86க்கு பழைய ஹோல்டரின் பொது பாசிடிவும், 85க்கு டிம் அல்லது பிரைட் ஒயரும் போக வேண்டும். இதை மாற்றிக் கொடுத்துவிட்டு ‘ரிலே கிட் சரியில்லை’ என்று சொல்வது நிறைய நடக்கிறது. இரண்டு ஹெட்லைட்டுக்கும் புது எர்த் ஒயரையும் சேர்த்தே இழுங்கள். இல்லாவிட்டால் பாதி வேலைதான் ஆகிறது.

எச்.ஐ.டி. விளக்கு எரிந்து சில நிமிடத்தில் மினுக்கி அணைகிறது.

ஒளி இளஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ மாறியிருந்தால் பல்பு முதுமையடைந்துவிட்டது. நிறம் மாறாமல் அணைந்தால் இரு பக்கப் பல்புகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கோளாறு பக்கம் மாறாவிட்டால் பேலஸ்ட் (பல்புக்கு உயர் வோல்டேஜ் தரும் பெட்டி) அல்லது அதற்கு வரும் மின்சாரம். எரியத் தொடங்கும் கணத்தில் பல்பு முனையில் 20,000 வோல்ட்டுக்கு மேல் எழும். விளக்கை அணைத்து, பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கம்பெனியே எல்.இ.டி. பொருத்திய ஹெட்லைட் என்றால் வெளிக் கப்ளரில் 12 வோல்ட்டையும் எர்த்தையும் மட்டும் பாருங்கள். அவை சரியென்றால் பழுது சீல் செய்த பெட்டிக்குள். வாரண்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யுங்கள்.

மழை பெய்தாலோ வாட்டர் வாஷ் செய்தாலோ மட்டும் மினுக்குகிறது.

கப்ளருக்குள் தண்ணீர். கழற்றிப் பார்த்தால் பித்தளைக் கால்களில் பச்சைப் பொடி இருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவைத்து, டைஎலக்ட்ரிக் கிரீஸைக் கப்ளரின் ரப்பர் சீலைச் சுற்றித் தடவி மூடுங்கள். ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடி கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சென்னை, நாகப்பட்டினம், ராமேசுவரம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்வதால் ஐப்பசி மழைக்கு முன்பே வருடம் ஒருமுறை எர்த் போல்ட்டுகளையும் கப்ளர்களையும் சுத்தம் செய்துவிடுவது நல்லது.

எலி கடித்த ஒயரை எப்படி இணைப்பது?

முறுக்கி டேப் சுற்றினால் அது அடுத்த மினுக்கலுக்கு விதை. கடித்த இடத்துக்கு இருபுறமும் செம்பு பளிச்சென்று இருக்கும்வரை வெட்டி, அதே தடிமன் ஒயர்த் துண்டைச் சேர்த்து, கிரிம்ப் இணைப்பி போட்டு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவால் மூடுங்கள். பக்கத்து ஒயர்களையும் விரலால் தடவிப் பாருங்கள். எலி ஒரு ஒயரோடு நிறுத்துவது அரிது.

போன் வீடியோவில் என் காரின் விளக்கு மினுக்குகிறது, நேரில் இல்லை.

பழுது இல்லை. எல்.இ.டி. பகல் விளக்கு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைந்து எரிகிறது. கேமராவின் பிரேம் வேகம் அதோடு ஒத்துப்போகாததால் அப்படித் தெரிகிறது.

இரவில் நெடுஞ்சாலையில் ஓட்டும்போது இரண்டும் அணைந்துவிட்டால்?

பிரேக்கைத் திடீரென்று மிதிக்காதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஹசார்டு விளக்கைப் போடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். அதே நேரத்தில் டிப்பர் கம்பை உங்கள் பக்கம் இழுத்துப் பிடியுங்கள். பல கார்களில் இந்த பாஸ் லைட் வேறு வழியாக மின்சாரம் பெறுவதால் டிம் போனாலும் எரியும். ஃபாக் லைட் (மூடுபனி விளக்கு) இருந்தால் அதையும் போட்டு, இடதுபக்கம் மெல்ல ஒதுங்கி, தார்ச்சாலையை முழுவதும் விட்டு இறங்கி நில்லுங்கள். முக்கோண எதிரொளிப்பானைக் காருக்குப் பின்னால் 50 மீட்டராவது தள்ளி வையுங்கள். டிம் ரிலேயும் ஹார்ன் ரிலேயும் ஒரே எண் என்றால் இடம் மாற்றிச் செருகிக்கொண்டு அருகில் உள்ள ஊர் வரை போகலாம்; ஹார்ன் அடிக்காது என்பதை நினைவில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள்.

எலக்ட்ரீஷியனிடம் விட்டால் என்ன சொல்ல வேண்டும்?

‘லைட் மினுக்குது’ என்று மட்டும் சொன்னால் அவரும் பல்பிலிருந்துதான் தொடங்குவார். ஒரு பக்கமா இரண்டுமா, டிம்மிலா பிரைட்டிலா, இன்ஜின் அணைந்திருக்கும்போதும் வருகிறதா, குழியிலா ஐடிலிலா மழையிலா, கூரை விளக்கும் சேர்ந்து ஆடுகிறதா என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மீட்டரில் எடுத்த எண்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். மினுக்கும்போது போனில் சுவரைப் படம்பிடித்து வைத்துக்கொள்வதும் உதவும், ஏனென்றால் கடைக்குப் போனதும் கோளாறு காட்டாமல் போவது இதில் சகஜம். மாற்றிய பழைய ரிலே, ஹோல்டர், டையோடு தட்டு எதுவானாலும் கேட்டு வாங்கிப் பாருங்கள். கருகலோ பச்சையோ தேய்மானமோ அதில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.